சனிக்கிழமைகளை அவர்களிடமே விடுங்கள்

பிரித்தானியாவில் டிகிரி அப்ரென்டிஸ்களாகப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாமாரே, அப்பாமாரே,

நான் இங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் பகுதியில் ஒரு பொறியியல் கொம்பனியில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு செப்டெம்பரிலும் எங்களிடம் வந்து சேரும் டிகிரி அப்ரென்டிஸ்களுக்கு வழிகாட்டுவதும் என் பொறுப்புகளில் ஒன்று. இது தெரிந்த நம்மவர்கள் கோயிலிலும் கலியாண மண்டபத்திலும் தமிழ்ப் பாடசாலை வாசலிலும் என்னைப் பிடித்து இரண்டு கேள்விகள் கேட்பார்கள். பிள்ளையைச் சேர்ப்பதற்கு முதல்: “இது உண்மையான டிகிரியோ?” சேர்த்து ஒரு வருடம் போன பிறகு: “வேலையும் இருக்கு, சம்பளமும் வருது, பிறகேன் பிள்ளை எந்த நேரமும் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரியுது?” முதலாவதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்காகத்தான் இந்த மடல்.

உண்மையான டிகிரிதான். இங்கே 2015இல் தொடங்கிய திட்டம் இது. பிள்ளை ஒரு கொம்பனியின் ஊழியர், அதே வேளை ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர். நான்கிலிருந்து ஆறு வருடத்தில் படிப்பு முடியும். பக்கத்து வீட்டுப் பிள்ளை முழுநேரம் படித்து வாங்கும் அதே பி.எங். பட்டத்தை உங்கள் பிள்ளையும் மேலங்கி போட்டு மேடையேறி வாங்கும். 2025-26 கல்வியாண்டில் ஒரு சாதாரண மாணவருக்கு வருடக் கட்டணம் 9,535 பவுண் வரை போனது. அப்ரென்டிஸுக்கு அந்தக் கடன் இல்லை. 2017 ஏப்ரலிலிருந்து, சம்பளச் செலவு வருடத்துக்கு 30 இலட்சம் பவுணைத் தாண்டும் நிறுவனங்கள் தாண்டிய தொகையில் 0.5 வீதத்தை இதற்கென்றே வரியாகக் கட்டுகின்றன. படிப்புச் செலவு அந்தக் கணக்கிலிருந்து போகிறது. சிறிய கொம்பனி என்றால் பெரும்பகுதியை அரசாங்கம் பொறுக்கிறது. பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பென்னிகூட பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்பது இங்கிலாந்தின் விதி.

ஆனாலும் இந்தப் பதில் நம்மவர்களின் மனத்தில் முழுதாக இறங்குவதில்லை. காரணம் எனக்குத் தெரியும், நானும் இலங்கையிலிருந்து வந்தவன்தானே. நம் ஊரில் பேராதனை, கட்டுபெத்தைக் கம்பஸ் என்றால் ஒரு தட்டு. கம்பஸ் கிடைக்காதவர்கள் போகும் டெக் எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரி, மொறட்டுவையில் ஜேர்மன் டெக், காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையிலோ பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலோ வேலை பழகப் போவது எல்லாம் வேறு தட்டு. அதற்கு மேல் 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து, புள்ளி இருந்தும் கம்பஸ் வாசலை மிதிக்க முடியாமல் ஒரு தலைமுறையே நின்றது. அந்தக் காயத்தோடு இந்த நாட்டுக்கு வந்தவர்கள் தங்கள் பிள்ளை “முழுநேரக் கம்பஸ்” போக வேண்டும் என்று நினைப்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தட்டுகளை இங்கே கொண்டுவந்து அடுக்கத் தேவையில்லை. ஜெட் இயந்திரத்தைக் கண்டுபிடித்த பிராங்க் விட்டில் 1923இல் விமானப்படையில் பயிலுநராகச் சேர்ந்தவர். 1930இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகு, 1934இல்தான் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனார். விமான வடிவமைப்பாளர் பார்ன்ஸ் வாலிஸ் கப்பல் கட்டும் தளத்தில் தொழில் பழகியவர். லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்தை 1922இல் வெளிவாரியாகத்தான் எடுத்தார். கையில் எண்ணெய் படிந்தவனைப் பொறியியலாளர் என்று மதிக்கும் வழக்கம் இந்த நாட்டில் பழையது.

சரி, இரண்டாவது கேள்வி.

பல அப்பாமார் என்னிடம் சொல்வது இது: “நாங்கள் பெற்றோல் ஷெட்டில இரவு முழுக்க நிண்டு, பகலில படிச்சு, ஊருக்கும் காசனுப்பினனாங்கள். இவைக்கு என்ன கஷ்டம்?” அந்த உழைப்பைச் சிறிதாக்க நான் யார்? லண்டன் தமிழர்களில் கணக்காளர்களும் பொறியியலாளர்களும் பலர் அந்தக் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் இருந்து படித்தவர்கள்தான். ஆனால் அங்கே ஒரு வசதி இருந்தது. பெற்றோல் ஷெட்காரன் உங்களுக்குப் புள்ளி போடவில்லை. ஷிப்ட் முடிந்தால் வேலை முடிந்தது. புத்தகத்தை மூடினால் படிப்பு முடிந்தது. உங்கள் பிள்ளைக்கு வேலையும் பரீட்சைக்குள் வருகிறது. வடிவமைப்புப் பிரிவில் ஒரு பம்ப் உறையின் வரைபடத்தைத் திருத்தினால், அதை ஏன் அப்படித் திருத்தினேன், எந்தக் கணக்கைப் போட்டேன், யாரிடம் சரிபார்த்தேன் என்று எழுதி, படத்தோடு போர்ட்ஃபோலியோவில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு அப்ரென்டிஸ்ஷிப்புக்கும் அறிவு, திறன், நடத்தை என்று மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. அந்த வரிகளுக்கெல்லாம் வேலைத்தளத்திலிருந்து சான்று காட்டாவிட்டால் இறுதி மதிப்பீட்டுக்கு வழி திறக்காது. பயிற்சி மணித்தியாலங்களைக் குறித்துவைக்க ஒரு பதிவேடு வேறு. ஏறக்குறைய பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளை, மனேஜர், பல்கலைக்கழகத்தின் ஆள் மூவரும் உட்கார்ந்து முன்னேற்றத்தைப் பார்ப்பார்கள். தேர்மோடைனமிக்ஸில் தொண்ணூறு புள்ளி எடுத்த பிள்ளைகூட இந்தப் போர்ட்ஃபோலியோ பின்தங்கி நித்திரையில்லாமல் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இனி மணிக்கணக்கைப் பாருங்கள். கணக்குப் போட்டால்தான் நம்மவர்கள் நம்புவார்கள்.

இந்த நாட்டில் ஒரு ஹொனர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணித்தியாலப் படிப்பு என்பது பல்கலைக்கழகங்களின் பொதுக் கணக்கு. ஆக, விரிவுரை, ஆய்வுகூடம், வீட்டில் படிப்பது எல்லாம் சேர்த்து 3,600 மணித்தியாலம். மறுபக்கம், சம்பளத்தோடு கூடிய வேலை நேரத்துக்குள் பயிற்சிக்கென்று ஒதுக்கப்படும் நேரம். 2022 ஓகஸ்டிலிருந்து முழுநேர அப்ரென்டிஸுக்கு இது குறைந்தது வாரத்துக்கு ஆறு மணித்தியாலம் என்று இருந்தது. 2025 ஓகஸ்டுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு, எந்தத் துறையோ அதற்கென்று ஒரு மொத்த மணித்தியாலக் கணக்கை நிர்ணயித்திருக்கிறார்கள். ஆறு என்றே வைத்துக்கொள்வோம். லீவு நாட்களைக் கழித்தால் வருடத்துக்கு 46 வாரம் சொச்சம், ஏறத்தாழ 280 மணித்தியாலம். ஐந்து வருடத்துக்கு 1,400. அதிலும் எல்லாம் விரிவுரை அல்ல. வேலைத்தளத்தில் புதிய இயந்திரத்தில் கொடுக்கும் பயிற்சியும், மூத்தவரோடு கூட இருந்து பழகுவதும் அதற்குள் அடக்கம். தாராளமான கொம்பனிகள் வாரத்தில் ஒரு முழு நாள் விடுகின்றன. சில பாடங்களை வேலைத்தளத் திட்டமாகவே செய்து கிரெடிட் எடுக்கலாம். இவற்றையெல்லாம் கழித்தாலும் நூற்றுக்கணக்கான மணித்தியாலங்கள் மிஞ்சும். அவை எங்கேயிருந்து வரும்? செவ்வாய் இரவிலிருந்து வரும், சனிக்கிழமை காலையிலிருந்து வரும், ஞாயிறு பின்னேரத்திலிருந்து வரும். வேறு இடம் இல்லை.

பிள்ளையைக் கம்பஸுக்கு விடுவதில் இரண்டு வகை உண்டு. டே ரிலீஸ் என்றால் கிழமையில் ஒரு நாள் கம்பஸ். முழுநேர மாணவருக்கு நாலு நாளில் பரவிக் கிடக்கும் பாடத்தைக் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை ஒரே நாளில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். மறுநாள் காலை ஏழரைக்குத் தொழிற்சாலையில் நிற்க வேண்டும். நேற்றுப் படித்த வகையீட்டுச் சமன்பாட்டைத் திரும்பிப் பார்க்கும் முன் அடுத்த கிழமை வந்துவிடும். புளொக் ரிலீஸ் என்றால் ஒன்று இரண்டு கிழமை சேர்ந்தாற்போல் கம்பஸ், பிறகு பல வாரம் வேலை. இதில் படிப்பு ஆழமாக இறங்கும் என்பது என் எண்ணம். ஆனால் இடைப்பட்ட வாரங்களில் கணக்கு மறந்துபோகும். எது நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள், பிள்ளையைப் பொறுத்தது.

அடுத்தது விடுமுறை. இதைத்தான் பெற்றோர் அதிகம் மறந்துபோகிறார்கள். ஏ லெவல் முடித்து முழுநேரக் கம்பஸ் போன சிநேகிதர்களுக்கு ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை லீவு. உங்கள் பிள்ளைக்குச் சட்டப்படி வருடத்துக்கு 5.6 கிழமை. ஐந்து நாள் வேலை செய்பவருக்குப் பொது விடுமுறைகளும் சேர்த்து 28 நாள். கொம்பனி கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். அதில் பரீட்சைக்குப் படிக்கச் சில நாள், ஒப்படை முடிக்கச் சில நாள் போய்விடும். மிச்ச நாட்களுக்குத்தான் நாங்கள் எல்லோரும் வரிசையில் நிற்கிறோம். நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று கிழமை ஊருக்குப் போவோம் என்று பிள்ளையைக் கேட்காமலே டிக்கெட் போட்டுவிடுகிறோம். ஈலிங் அம்மன் தேர் வரும் ஓகஸ்டில்தான் பல பல்கலைக்கழகங்களில் மீள்பரீட்சையும் வருகிறது. அம்மன் கோபிக்க மாட்டா. பரீட்சைத் திகதி நகராது.

சனி ஞாயிறு இன்னும் மோசம். நம்முடைய முழுச் சமூக வாழ்க்கையும் சனி ஞாயிறில்தான் நடக்கிறது. சாமத்தியவீடு, அரங்கேற்றம், பிறந்தநாள், அந்தியேட்டி, ஊர்ச் சங்க ஒன்றுகூடல். ஒவ்வொன்றுக்கும் ஹரோவிலிருந்து குரொய்டனுக்குக் கார் ஓட்ட ஒரு ஆள் வேண்டும். லைசென்ஸ் வைத்திருக்கும் பிள்ளையைக் கேட்கிறோம். “ரெண்டு மணித்தியாலம்தானே” என்கிறோம். எந்தத் தமிழ்க் கொண்டாட்டம் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்திருக்கிறது?

பெண்பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினம். பகல் முழுக்கத் தொழிற்சாலையில் ஆண்களுக்கு நடுவில் தன் இடத்தைப் பிடித்து நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், இடியப்பத்துக்கு மாப் பிசைய அவளைத்தான் கூப்பிடுகிறோம். தம்பியின் ஹோம்வேர்க், அம்மம்மாவை ஜீ.பீ.யிடம் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்ப்பது, கவுன்சிலிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துப் பதில் எழுதுவது எல்லாம் அவளிடம் போகின்றன. தம்பி அறைக்குள் கேம் விளையாடினால் அவன் “படிக்கிறான்”. நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு கிழமைக்கு உங்கள் மகளின் பின்னேரங்களைக் கவனித்துப் பாருங்கள். மொழிபெயர்க்கும் வேலை நம் வீடுகளில் தவிர்க்க முடியாததுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜீ.பீ.யிடம் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், அதற்குக் காசில்லை. கடிதங்களைப் பிரித்து வைத்து மாதத்தில் ஒரு பின்னேரம் மட்டும் காட்டலாம். இடியப்பம் யாரும் பிழியலாம்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். நம் பிள்ளைகளை நாம் “பெரியாக்கள் சொன்னால் கேள்” என்று வளர்த்திருக்கிறோம். அந்தப் பழக்கம் வேலைத்தளத்தில் அவர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. உற்பத்தி நெருக்கடி வந்தால், “இந்தக் கிழமை கம்பஸ் வேண்டாம், இங்கே நில்” என்று சுப்பர்வைசர் சொல்வார். ஆங்கிலேயப் பிள்ளை “சரி, அந்த நாளை எப்போது திரும்பத் தருவீர்கள்?” என்று கேட்கும். நம் பிள்ளை தலையாட்டிவிட்டு வந்து இரவில் இருந்து அழும். எனக்குத் தெரிந்த ஒரு கொம்பனியில், பெயர் வேண்டாம், நம் பெண் ஒருத்தி இப்படியே அடுத்தடுத்துப் பல விரிவுரைகளைத் தவறவிட்டாள். வீட்டில் சொன்னபோது கிடைத்த புத்தி: “வாய் காட்டாதே, வேலை போயிடும்.” அந்தப் பாடத்தை அவள் மறுவருடம் மீண்டும் படிக்க வேண்டி வந்தது.

விதி பிள்ளையின் பக்கம் இருக்கிறது. பயிற்சி நேரம் சம்பளம் கொடுக்கும் வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும். வேலை நேரத்துக்கு வெளியே நடந்தால் அதற்கு ஈடாக நேரம் கொடுக்க வேண்டும். தவறிய நாளைத் திருப்பிக் கொடுப்பது கொம்பனியின் கடமை. இதை மரியாதையோடு கேட்கலாம், மின்னஞ்சலில் கேட்பது இன்னும் நல்லது. கேட்டும் சரிவராவிட்டால் அந்தப் பன்னிரண்டு வாரக் கூட்டத்தில் பல்கலைக்கழகத்தின் ஆளுக்கு முன்னால் சொல்லலாம். அந்தக் கூட்டம் அதற்குத்தான். வீட்டுக்கு வந்து முறையிடும் பிள்ளையிடம் “பொறுத்துப்போ” என்பதற்குப் பதிலாக, “அந்த நாளை எழுதிக் கேட்டியா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

காசைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. அப்ரென்டிஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுணாக இருந்தது. 19 வயது கடந்து முதல் வருடத்தையும் முடித்தால் வயதுக்குரிய சாதாரணக் குறைந்தபட்சச் சம்பளம். பெரிய பொறியியல் கொம்பனிகள் இதைவிடக் கூட்டிக் கொடுக்கின்றன. அதனால் மாதக் கடைசியில் பிள்ளையின் கணக்கில் ஒரு தொகை விழுகிறது. விழுந்தவுடன் நாங்கள் கைநீட்டுகிறோம்: மோர்ட்கேஜுக்கு இவ்வளவு, தங்கச்சியின் அரங்கேற்ற மண்டபத்துக்கு இவ்வளவு. ஆனால் டார்பியிலோ பிரிஸ்டலிலோ அறை எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு அந்தத் தொகையில்தான் வாடகை, கார் இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம். படிப்புக் கடன் இல்லை என்று சந்தோஷப்படும் நாம், வாழ்க்கைச் செலவுக்கான மாணவர் கடனும் இல்லை என்பதை யோசிப்பதில்லை. கவுன்சில் வரியில் அப்ரென்டிஸுக்குரிய சலுகை வாரத்துக்கு 195 பவுணுக்கு மேல் உழைத்தால் கிடையாது. வீட்டோடு இருக்கும் பிள்ளை ஒரு நியாயமான பங்கைக் கொடுப்பது நல்ல பழக்கம்தான். அந்தப் பங்கு ஓவர்டைம் செய்து கொடுக்க வேண்டிய அளவுக்குப் போனால், நீங்கள் வாங்குவது பிள்ளையின் படிப்பு மணித்தியாலங்களை. பட்டம் முடியும்வரை அந்தச் சம்பளத்தை வீட்டு வருமானமாகக் கணக்கில் எடுக்காமல் இருப்பதே சரி என்பேன்.

உடம்போ மனமோ தாங்காத கட்டம் வந்தால் இரண்டே வழி, தாங்கு அல்லது விடு, என்று பலர் நினைக்கிறார்கள். இடையில் ஒரு வழி இருக்கிறது. நோய், குடும்பத்தில் இழப்பு போன்ற காரணங்களுக்காகப் படிப்பை இடைநிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு கொம்பனி சரிவராவிட்டால் இன்னொரு கொம்பனிக்கு மாறியும் தொடரலாம், அது எளிது என்று சொல்ல மாட்டேன். இந்த வழிகளைப் பிள்ளை உங்களிடம் சொல்லும்போது “ஆக்கள் என்ன சொல்லுவினம்” என்று தொடங்காதீர்கள். ஆக்கள் அடுத்த கலியாணத்தில் வேறு கதைக்குப் போய்விடுவார்கள்.

நான் உங்களிடம் கேட்பது அதிகமில்லை. இந்தக் கிழமை பிள்ளையிடம் நான்கு திகதிகளைக் கேட்டு வாங்குங்கள்: ஜனவரிப் பரீட்சை, மே மாதப் பரீட்சை, அடுத்த ஒப்படை, அடுத்த முன்னேற்றக் கூட்டம். அவற்றைக் குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். பரீட்சைக்கு முந்திய நான்கு சனிக்கிழமைகளில் வரும் கொண்டாட்டங்களுக்கு நீங்கள் இருவரும் மட்டும் போய் வாருங்கள். பிள்ளை எங்கே என்று யாராவது கேட்டால், படிக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
மிட்லாண்ட்ஸிலிருந்து ஒரு பொறியியலாளர்